கொண்டையில் கம்பெனிச் செடி

1959 சித்திரையில் வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெய்த ஆலங்கட்டி மழை, தேயிலைச் செடிகளை விட்டுவிட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களின் மேல் மட்டும் விழுந்தது. தகரக் கூரைகள் சல்லடையாயின. ஒரு கொழுந்துகூடக் கிழியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் சீமையிலும் இங்கேயும் உள்ள இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன. சீமைக் கம்பெனி இங்கே போட்ட முதலுக்கு எதனாலும் சேதம் வரக் கூடாது, அதை யாரும் பறிக்கவோ அகற்றவோ கூடாது. கையெழுத்து மேகம்வரைக்கும் செல்லும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. அடுத்த வருடத்து மண்சரிவு செடிகளைச் சுற்றிக்கொண்டு போய்க் கோயிலுக்குள் புகுந்தது.

செடிகளுக்கு இரண்டு நாடுகள் இருந்தன. வளர்த்தவர்களில் பலருக்கு ஒன்றுமில்லை. கொழுந்தெடுக்கும் சண்முகவடிவு அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். புருசன் பழனியாண்டிக்கும் மகள் பூரணிக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அவளுடைய விண்ணப்பத்தைத் தள்ளி, 1963 மாசியில் பாட்டன் பிறந்த ஊருக்குக் கப்பலேறச் சொன்னார்கள். பூரணி அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

போவதற்கு முந்தின நாள், நாற்று வளர்க்கும் தவறணையிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வரும்போது, ஒரு கன்று நழுவிக் கொண்டையில் செருகிக்கொண்டது. மூட்டை கட்டும் அவசரத்தில் அவள் தலையை அவிழ்க்கவில்லை. விடிந்தபோது அது வேர்விட்டிருந்தது. பிடுங்கப் பார்த்ததில் பழனியாண்டிக்குக் கைதான் சுளுக்கியது.

பொலிஸ் ஜீப் வந்தது. சார்ஜன்ட் தமிழிலேயே, "ஏறு, கள்ளத்தோணி" என்றார். ஏறினாள். தோட்டத்து எல்லையில் ஜீப் நின்றுவிட்டது. அவளை இறக்கினால் ஓடியது, ஏற்றினால் நின்றது. கங்காணி இராமையா வந்து அவள் தலையைப் பார்த்தார்.

"கொண்டுபோக முடியாதுங்க ஐயா. இது கம்பெனி செடி."

"பிடுங்கு."

"அதுக்கு ரெண்டு நாட்டுலருந்து ஆளு வரணுங்களே."

சண்முகவடிவு ஜீப்பிலிருந்து இறங்கினாள். "நான் இங்கனதான் பொறந்தேன்னு எத்தன வருசமா சொல்றேன், ஒருத்தரும் கேக்கல. இந்தக் கன்னு நேத்துப் பொறந்தது. அதுக்கு இம்புட்டு மரியாத."

அதன் பிறகு, கப்பலேறச் சொல்லப்பட்ட பெண்களெல்லாம் கன்று சுமக்கும் வேலையைக் கேட்டு வாங்கினார்கள். சிலருக்கு வேர்விட்டது. விடாதவர்கள் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போனார்கள்.

தோட்டத்துத் துரை சண்முகவடிவின் பெயரை ஆள் கணக்கிலிருந்து வெட்டிச் செடிக் கணக்கில் சேர்த்தார். வாரம் ஒருமுறை, காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் அவள் குனிந்து நிற்பாள். முதல் கொழுந்தைக் கிள்ளும்போது விளைச்சல் பெருக மலையில் சொல்கிற மாதிரியே, இராமையா "பொலி, பொலி" என்று சொல்லி அவள் தலையில் தளிர்த்ததைக் கிள்ளிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் பூரணியும் "பொலி" என்பாள். ஆலங்கட்டி விழுந்தால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து அவள் சேலையை ஒட்டி நிற்பார்கள். அங்கே மட்டும் விழாது.