மஞ்சள் அட்டை

குசினிக் கதவில் வெள்ளை அட்டை தொங்கினால் விமானிகளுக்குக் காலைச் சாப்பாடு ஆறு மணிக்கு, மஞ்சள் அட்டை தொங்கினால் நாலு மணிக்கு, அது நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் எந்த நாளுக்கு எது என்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டுமே... ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மசித்தபடி தவரத்தினம் திரும்பவும் யோசித்தார். கிழமையா? இல்லை, செவ்வாயும் மஞ்சள் தொங்கியது, ஞாயிறும் தொங்கியது. பெரிய அதிகாரிகள் யாரும் பார்வையிட வந்த நாள்களா? அப்படியும் இல்லை. பாரிசின் லா சப்பலில் இன்றைக்கு முப்பத்தெட்டுப் பாகைச் சூடு, கடைக் குசினியில் அதற்கும் மேலே, இந்த வெக்கைதான் அந்தப் பாலைவனத்தைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறது என்று நினைத்தார், ஆனால் கொண்டுவந்தது வெக்கை அல்ல, மகள் மிருணாளினி. திங்கட்கிழமை அவளுக்கு, பள்ளிப் படிப்பை முடிக்கிற பக் சோதனையின் வாய்மொழித் தேர்வு. இரண்டு ஆசிரியர்களுக்கு முன்னால் நின்று, சூட்டில் விமானம் எழும்ப ஏன் கஷ்டப்படுகிறது என்று விளக்கவேண்டும். தொடக்கம் இப்படித்தானாம்: என் அப்பா பாலைவனத்தில் ஒரு விமானப்படைத் தளத்தின் குசினியில் வேலை செய்தவர், சில நாள்களில் விமானிகள் நாலு மணிக்கே சாப்பிட்டார்கள், ஏன்? கேட்டால் யாருக்கும் காது நிமிரும். ஆனால் அந்த ஏனுக்குப் பதில் இல்லாமல் போனால், குறுக்குக் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

குசினி வாசலில் ஸ்டூலைப் போட்டு அவள் குறிப்புத் தாளோடு இருந்தாள். காலையிலிருந்து அவருக்கு அதைத்தான் படிப்பிக்கிறாள். சூட்டில் காற்று விரிந்து அடர்த்தி குறைந்து ஐதாகிவிடும், ஐதான காற்று இறக்கையைத் தாங்கக் காணாது, அதனால் நீளமாக ஓடவேண்டும், அல்லது குளிரும்வரை காத்திருக்கவேண்டும். அவருக்கு விளங்கியது, விளங்கியதில் சந்தோசமும் வந்தது. ஓடுபாதை நாலு கிலோமீற்றர் நீண்டு கிடந்ததன் காரணம் இத்தனை வருடம் கழித்து, பாரிசில், உருளைக்கிழங்குச் சட்டிக்கு முன்னால் தெரிகிறது.

"அப்ப எல்லா நாளும் ஒரே சூடுதானே பிள்ளை, பின்னை ஏன் சில நாள் மட்டும்?"

"அதைத்தானே அப்பா நான் உங்களைக் கேக்கிறன். நாலு வருசம் அங்கை நித்திரையோ கொண்டனீங்கள்?"

நித்திரைதான், அவள் பகிடிக்குச் சொன்னாலும். மஞ்சள் நாள்களில் குசினி வேலை விடிய முதலே தொடங்கிப் பத்து மணிக்கு முடிந்துவிடும், பிறகு பின்னேரம்வரை ஓய்வு. அட்டையை மாட்ட ஆள் வரும்போது மஞ்சளாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வார்... களஞ்சியத்தில் எழுத்தராக இருந்த கும்பகோணத்துச் சீத்தாராமன்தான் தளத்தின் கதையெல்லாம் சொன்னவன். "இங்க ஒண்ணுமே இல்ல தவம், வெள்ளைக்காரன் ஒட்டகக்காரங்கள வச்சுக் கல்லப் பொறுக்கித் தரையாக்கினான், தபால் பிளேன் வந்து எண்ணெய் போட்டுக்கிறதுக்கு." பிறகு ஒரு யுத்தம் வந்து பாதையை நீட்டியது, இன்னொரு யுத்தம் வந்து இன்னும் நீட்டியது. கல் பொறுக்குவது மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு காலையும் சிப்பாய்கள் கைகோர்க்கும் தூரத்தில் வரிசையாக நின்று பாதை முழுக்கக் குனிந்து நடப்பார்கள், ஒரு கூழாங்கல் உள்ளே போனால் ஒரு இயந்திரம் போச்சு. இங்கே சண்டை நடக்காது தவம், இது பெட்ரோல் பங்க் மாதிரி, வழியில நிக்கிற இடம் என்பான் சீத்தாராமன். பெட்ரோல் பங்க்... அந்தச் சொல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது. பெட்ரோல் பங்கில் முட்டை பொரிக்கிறவனுக்கு என்ன வந்தது?

மேலே பாலத்தில் இரண்டாம் இலக்க மெட்ரோ போனது, பின்னேரத்துச் சனம் நிறைந்த ரயில், கனத்த சத்தம், தட்டுகள் மெல்ல அதிர்ந்தன. சனம் இல்லாத நேரத்தில் இதே ரயிலுக்கு வேறு சத்தம். அவருடைய காது அப்படிப் பழகியது. பன்னிரண்டு வயதில், யாழ்ப்பாணத்தில், வீட்டு வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் குந்தியிருந்து பழகியது. குண்டுபோட பொம்மர் விமானம் வரும்போது அடித்தொண்டைச் சத்தம், கொட்டிவிட்டுப் போகும்போது லேசான சத்தம். லேசான சத்தம் கேட்டால் முடிந்தது, வெளியே வரலாம், மூச்சு விடலாம்... தளத்திலும் மஞ்சள் நாள்களில் மத்தியானம் விமானங்கள் திரும்பி வரும், அவர் கட்டிலில் கிடந்து கேட்பார், லேசான சத்தம், உடனே நெஞ்சு இளகும், கண் சொருகும். அரைநாள் ஓய்வின் சுகம் என்றுதான் நினைத்திருந்தார். அது பங்கரிலிருந்து வெளியே வருகிற சுகம். லேசாக வந்தது என்றால் எங்கேயோ இறக்கிவிட்டு வந்தது, எங்கே, யாருடைய பங்கருக்கு மேலே, அதைக் கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை, எல்லாரையும்விட முதலில் தோன்றியிருக்க வேண்டியது அவருக்கு.

கை நின்றுவிட்டது. ஒன்றும் நினைவில்லை என்று சொல்லிவிடலாம். அவள் வேறு தொடக்கம் தேடிக்கொள்வாள், அப்பா குசினியில் முட்டை பொரித்த அப்பாவாகவே இருப்பார். ஆனால் திங்கட்கிழமை அவர்கள் கேட்பார்கள், அவள் கையில் பாதிப் பதிலோடு நிற்பாள்...

"என்னப்பா?" பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"பாரம், பிள்ளை." அவர் சட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "மஞ்சள் அட்டை நாளுகளிலை குண்டு ஏத்திக்கொண்டு போனவை. வெயில் ஏற முந்திப் புறப்பட்டாத்தான் அந்தப் பாரத்தோடை எழும்பலாம்."