ஒன்றாய் இறக்கிய முடி

ரத்னம்மா அத்தை துப்பட்டாவை மறுபடியும் ரோகிணியின் தலைமேல் இழுத்துப் போர்த்தி, காதோரம் ஹேர்பின்னைச் செருக முயன்றார். செருகுவதற்கு அங்கே போதிய முடி இல்லை. துப்பட்டா வழுக்கித் தோளில் விழுந்தது.

"நிக்கமாட்டேங்குது பாரு. ஊரே வந்துக்கினு இருக்குது. பொட்டப் புள்ள மொட்டத் தலையோட பொணத்தாண்ட குந்திக்கினு இருந்தா, கொள்ளி வைக்கப்போறது பையனா பொண்ணான்னு கேக்கமாட்டானுங்களா?"

ரோகிணி துப்பட்டாவை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய அப்பா, அவள் நைனா என்றழைக்கும் வேங்கடாசலம், படுத்திருந்தார். அவர் தலையில் நரைமுடி அரும்பு அரும்பாக முளைத்திருந்தது. அவள் தலையில் இருந்ததும் அதே அளவுதான். சென்ற மாதம் திருமலைக் கல்யாணகட்டாவில் இருவரும் ஒரே காலையில் முடி இறக்கியிருந்தார்கள். காலையிலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஒற்றுமை ஒன்றுதான்.

நைனாவின் இதய அறுவைச் சிகிச்சைக்காக வேண்டிக்கொண்டு அவள் முதன்முறையாக மொட்டை அடித்துக்கொண்டாள். அன்று கண்ணாடியில் தெரிந்த முகமே தன்னுடைய முகம் என்று அவளுக்குத் தோன்றியது. அதன்பின் அவள் முடி வளர்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மரியாதையாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும் அங்கேயே தனியாக அறை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் நைனா ஒருவர்தான் அவளை ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அவள் மலைக்குப் போகும்போதெல்லாம் நகரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். "வா, நானும் எறக்கிக்கறேன். சீப்பு செலவு மிச்சம்," என்று சிரிப்பார். உறவினர்கள் அவள் தலையைப் பார்த்துக் கேட்டால், "வேண்டுதல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். தனக்காக அவர் சொல்லும் பொய் அது என்றே ரோகிணி இத்தனை காலமும் எண்ணியிருந்தாள்.

அம்மா கன்னிகா பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே நீண்ட சடையுடன் ஒரு டோப்பா இருந்தது.

"இத வச்சிக்கோம்மா. தூக்கற வரைக்கும்தான்."

"இது ஏதும்மா?"

"உங்க நைனா வாங்கியாந்து வச்சாரு." அம்மா சடையின் நுனியை நீவிவிட்டார். "வேண்டுதல் பலிச்சி யாராவது பாக்க வந்தா, உன் முடி வளர்ற வரைக்கும் ஆவும்னு."

"யாரு வேண்டுதல்?"

அம்மா அத்தையைப் பார்த்தார்.

"யாருதா?" என்றார் அத்தை. "எங்கண்ணன் இன்னா சோக்குக்கா உன்கூட வந்து மொட்ட போட்டுக்கினு கெடந்தாரு? எம்பொண்ணுக்கு நல்ல புத்தி குடு, அவ கழுத்துல ஒரு தாலி ஏறட்டும், அதுவரைக்கும் அவ எறக்கறப்பெல்லாம் நானும் எறக்கறேன்னு வேண்டிக்கினாரு. வயசான காலத்துல எத்தினி வாட்டி மலை ஏறினாரு!"

ரோகிணி வாசற்படியில் நின்ற தம்பி தேவேந்திரனைப் பார்த்தாள். அவன் குனிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"உனக்கும் தெரியுமாடா?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா. உங்கிட்ட சொல்லவேணாம்னு நைனாதான்..."

பின்பக்கத்திலிருந்து நாவிதர் அழைத்தார். பேச்சை முடிக்காமலே அவன் போனான்.

அத்தையின் குரல் தணிந்தது. "வேண்டுதல் பாக்கியோட போறாரும்மா. தூக்கறதுக்குள்ள கால தொட்டு ஒரு வார்த்த சொல்லிடு, முடி வளத்துக்கறேன்னு. நிம்மதியா போவட்டும்."

பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். குளிர் முகத்தில் அடித்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ரோகிணி கையை நீட்டினாள். கூடத்தில் அழுகைகூட ஒரு கணம் நின்றது. கல்யாணகட்டாவில் நைனா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்ததும், என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்டபோது, "உனக்காவதாம்மா," என்று அவர் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. பொய் சொல்லவில்லை அவர்.

அவள் கையை மடக்கிக்கொண்டு எழுந்து பின்பக்கம் நடந்தாள்.

குழாயடியில் தேவேந்திரனுக்கு மொட்டை அடித்து முடிந்திருந்தது. அவன் எழுந்த பலகையில் அவள் உட்கார்ந்தாள். நாவிதர் கத்தியைப் பிடித்தபடி திகைத்தார்.

"மொக்காம்மா? சாமிக்கு வேண்டிக்கினதா?"

"இல்லீங்க."

"அப்பாவுக்கா? அது ஆம்பளப் புள்ளைங்கதான் செய்யணும்..."

"அதுக்கும் இல்லீங்க. எனக்கு."

அவர் கன்னிகாவை நோக்கினார். கையில் சடையுடன் அம்மா கதவருகே நின்றிருந்தார். பிறகு வந்து, சொம்பில் தண்ணீர் பிடித்து நாவிதரின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நைனாவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியபோது ரோகிணி வாசலில் வந்து நின்றாள். துப்பட்டா தோளில் கிடந்தது. கழுத்தில் இன்னும் ஈரம் இருந்தது. பறை முழங்க, பாடை அவளைக் கடந்து போயிற்று. நைனாவின் தலையில் அந்த ஒரு மாத நரைமுடி வெயிலில் மினுங்கியது. அவள் தன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

இப்போது அவள் தலையில் எதுவும் இல்லை.