குழாய்ப் பள்ளம்

குழாயை அறுத்தது மழைக்கு முன்பா, பின்பா? தணிகாசலத்துக்கு அது சரியாக நினைவில்லை. மழை முந்தி வந்திருந்தால், பள்ளத்துக்குள் சாக்கடை இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் அறுத்திருப்பான். பிந்தி வந்திருந்தால் தப்பு கொஞ்சம் குறையும். இறந்துபோன மனைவி ரத்னாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வாசல் பெஞ்சில் கிடத்தியபோதும் அவன் அந்த யோசனையிலேயே நின்றான்.

எழுபத்து நாலாம் வருடம். திருவள்ளூரில் அவர்கள் தெருவுக்கு அடியில் குழாய் ஓடினாலும் தண்ணீர் மேலே ஏறாது. ரயில்வே கேட்டைத் தாண்டி அடிபம்புக்குப் போகவேண்டும். ரத்னாவுக்கு ஆறாம் மாதம். காக்களூர் பட்டறையில் ஃபிட்டராக இருந்த தணிகாசலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் இடுப்பளவு பள்ளம் தோண்டி, மண்ணுக்குள் ஓடிய குழாயை அறுத்தான். தண்ணீர் கொட்டியது. தெருவே குடத்தோடு வந்தது. அறுத்த வாய்க்குப் பட்டறையிலிருந்து பித்தளை மூடி கொண்டுவருவதாகச் சொன்னான். அதுவரை துணி சுற்றிய கட்டை. மூடி வரவேயில்லை. தண்ணீர் நின்றதும் வெறுங்குழாய் பள்ளத்தில் கிடப்பதை உள்ளே இழுக்கும் என்பது ஃபிட்டருக்குத் தெரியாததல்ல.

மார்கழியில் தெருவில் ஏழு பேருக்குக் கண் மஞ்சளானது. ரத்னாவுக்கு முதலில் காய்ச்சல், பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டல். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் அவனையே யாரென்று கேட்டாள்.

"தண்ணி எங்க புடிக்கிறீங்க?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"குழாய்லதான் சார்."

"சாக்கடை கலந்திருக்கும். மத்தவங்க எழுந்துடுவாங்க. வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்குத்தான் இது ஆபத்து."

பள்ளத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. குழந்தை இறந்தே பிறந்தது. மறுநாள் ரத்னா.

இப்போது தலைமாட்டில் அவள் தாய் முத்தம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "காலடிக்கே தண்ணி கொண்டாந்த புருசனாச்சே! அத அனுபவிக்கக்கூட உனக்குக் குடுத்து வெக்கலியேடி!"

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டுக் கங்கம்மா குடத்தோடு பள்ளத்தில் இறங்கப் போனாள்.

"அந்தத் தண்ணி வாணாங்க்கா."

"ஏன்பா, அதுக்கு இன்னா?"

உண்மை வாய்வரை வந்தது. "கலங்கலா கீது" என்றான்.

"இத்தினி நாளா அத்தத்தானே குடிச்சிக்கினு கீறோம்? இப்ப குடிக்கவா போறா அவ?"

அவன் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தான்.

"பொண்டாட்டி உசுரோட இருக்கசொல்ல ஒரு கொடம் தூக்கல. இப்ப தூக்கினு போறாரு பாரு, தொர!" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது. தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நின்றான். சரக்கு வண்டி மெதுவாகப் போனது. தளும்பிய தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. குடங்களை அவன் கீழே வைக்கவில்லை.

நான்கு நடை நடந்தான்.

மறுநாள் பித்தளை மூடியைப் போட்டு முறுக்கிப் பள்ளத்தைத் தூர்த்தான். கேட்டவர்களிடம் முனிசிபாலிடி ஆள் வந்து சத்தம்போட்டதாகச் சொன்னான். தெரு அவனை ஏசிக்கொண்டே அடிபம்புக்குத் திரும்பியது. காமாலை கண்ட மற்ற ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். முத்தம்மா வேப்பம்பட்டில் மகனோடு இருந்தாள். சாகும்வரை மருமகனைத் தங்கமான பிள்ளை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருடம் தணிகாசலம் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். அந்த வீட்டில் தண்ணீர் தூக்குவது அவன்தான்.