சிலெக்வா ஏன் சிரிக்கவில்லை

1

இந்தக் கதை ஒரு கேட்டிலிருந்து பிறந்தது. என் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்ட கேட். பச்சை பெயிண்ட், அடியில் துரு. கதைக்கரு எங்கே கிடைத்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஆகாயத்தைக் காட்டுவார்கள். எனக்கு மூக்கு நுனியில் கிடைத்தது. இன்னும் ஒரு அங்குலம் முன்னால் நின்றிருந்தால் மூக்கே போயிருக்கும்.

நான் செலிபா. கிட்வே என்கிற சுரங்க ஊரில், சந்தைக்கு வெளியே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீணாய்ப் போகும் தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். (இந்தத் தாளின் மறுபுறம் யாருடையதோ அடையாள அட்டை, பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. நான் பொய் எழுதும்போதெல்லாம் அந்த ஒற்றைக் கண் முறைக்கிற மாதிரி இருக்கிறது.)

கேட்டைச் சாத்தியவர் சிலெக்வா. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்கி ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சாத்தாத கேட்டை அன்றைக்குச் சாத்தினார். ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் இடப்பக்கமிருந்து பறந்து வந்த பந்து, வலது மூலையில் இருந்த…"

நிறுத்திவிட்டேன். எனக்குக் கால்பந்து தெரியாது. மூலையில் என்ன இருக்கும் என்றுகூடத் தெரியாது.

அடுத்தது:

"தோல்வி என்பது மனித வாழ்வின்…"

இதை எழுதிய கையை நானே ஒரு தட்டு தட்டினேன்.

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஷாஃப்ட் செவன் எங்கள் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களின் அணி. பிரிமியர் லீக். ஜன்னலுக்குத் திரை போட்ட சொந்தப் பஸ் உண்டு. புச்சி பேக்கர்ஸ் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அணி. ஒரு ரொட்டி பேக்கரியில் பிறந்தது, மூன்றாம் டிவிஷனிலேயே கிடக்கிறது, ஆட்டத்துக்கு மாவு லாரியில் வந்து இறங்கும். இரண்டு பக்கத்துக்கும் ஜென்மப் பகை. ஆனால் டிவிஷன் வேறு என்பதால் மோதிக்கொண்டதே இல்லை. இந்த வருஷம் கோப்பைப் போட்டியில் சீட்டுக் குலுக்கியபோது இரண்டு பெயரும் சேர்ந்து விழுந்தன. ஷாஃப்ட் செவன் சொந்த மைதானத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

(கோல் போட்டவன் காதுக்குப் பின்னால் காலையில் பிசைந்த மாவு இன்னும் ஒட்டியிருந்ததாம். நான் பார்க்கவில்லை. கதைக்கு நல்லது என்று விட்டுவைக்கிறேன். ஒற்றைக் கண் முறைக்கிறது.)

அன்று மாலை மினிபஸ் கண்டக்டர்கள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. "ஷாஃப்ட் செவன் ஆளுங்கல்லாம் பின்னாடி போங்கப்பா! முன் சீட்டுல ரொட்டி உக்காரப் போவுது!" சிலெக்வா எந்த மினிபஸ்ஸிலும் ஏறவில்லை. கழுத்துத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தே போனார்.

3

இங்கே எங்கள் முறையைச் சொல்லியாக வேண்டும்.

நான் ங்கோனி இனம், அவர் பெம்பா இனம். எங்கள் முன்னோர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். ஒரு கட்டத்தில் வெட்டியது போதும், இனி வைதுகொள்வோம் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பெயர் சிம்புயா. கேலி முறை. நான் அவரைக் குரங்குத்தின்னி என்பேன், அவர் என்னை எலித்தின்னி என்பார். கொஞ்சம் மரியாதை வேண்டுமென்றால் இருவருக்கும் ஒரே சொல்தான், ம்புயா. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் கோழி தர வேண்டும். இந்த முறைக்கு முழு வேலை இருப்பது சாவு வீட்டில்தான். எல்லோரும் அழும்போது ம்புயாவானவள் உள்ளே போய், செத்தவரைப் போலவே நடந்து, பேசி, பெட்டியை மறித்துக்கொண்டு கலாட்டா செய்ய வேண்டும். அழுகிறவர்கள் சிரித்தே ஆக வேண்டும்.

ஒரு அணி செத்தால் மட்டும் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் இரண்டு ரொட்டிப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டினேன். மேலே ஷாஃப்ட் செவனின் பச்சைச் சட்டையைப் போர்த்தினேன். இடுப்பில் மயில் போட்ட நீலச் சிதெங்கேத் துணியைச் சுற்றிக்கொண்டேன். சந்தைப் பெண்கள் இரண்டு பேர் பெட்டியைத் தூக்க, நான் முன்னால் மாரடித்துக்கொண்டு போனேன்.

"ஐயோ ஷாஃப்ட் செவனே! எங்க ராசாவே! கறியும் மீனுமா தின்னு வளந்த ஒடம்பு, கடைசில ரொட்டி விக்கிச் செத்துப் போச்சே!"

தெருவே சிரித்தது. சிலெக்வா வெளியே வந்து கேட்டில் கை வைத்து நின்றார். வழக்கமாக என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். "ஏ எலித்தின்னி, பெட்டிய எறக்கு. உள்ள உன் மத்தியானச் சாப்பாடு ஓடுற சத்தம் கேக்குது" என்பார். நான் மண்ணில் விழுந்து புரளுவேன். ஒரு சொம்பு முன்கோயோச் சோளக்கூழைக் கொடுத்து அனுப்பிவைப்பார். நன்றாகப் புளித்திருக்கும்.

அன்று அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என் இடுப்புத் துணியைப் பார்த்தார். சரி, இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடலாம் என்று, போய்ச் சேர்ந்த அவர் மனைவி கசூபாவின் குரலை எடுத்தேன்.

"சிலெக்வா! செருப்ப வெளிய விடு! தோத்த கால வச்சு என் தரைய மிதிக்காத!"

"போ, செலிபா" என்றார்.

செலிபா. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயில் என் பெயர் வந்ததில்லை. பிறகு கேட்.

4

இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. வேறு யாராவது எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஏனென்றால் நான்கு வருஷத்துக்கு முன்னால், கசூபாவின் சாவு வீட்டில் இதே சிலெக்வா சிரித்தார். அவள் பெட்டி நடுவீட்டில் இருக்கிறது. நான் அவளுடைய இதே நீலச் சிதெங்கேயைக் கட்டிக்கொண்டு இதே குரலில், "சிலெக்வா! இத்தன பேர கூட்டிட்டு வந்திருக்கியே, யாரு சமைப்பா?" என்றேன். மூக்கில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். கேலிக்காரியின் பங்கு என்று அந்தத் துணியை எனக்கே கொடுத்தார். மனைவி சாவில் சிரித்த மனிதன் ஒரு பந்துக்காகக் கேட்டைச் சாத்துவானா?

காரணங்களை எழுதிப் பார்த்தேன். ஒன்று, அவருக்கு மனைவியைவிடப் பந்து பெரிது. இல்லை, நான் அந்த மனிதனின் கண்ணீரைப் பார்த்தவள். இரண்டு, வயதாகிவிட்டது. அப்போதும் வயதாகித்தான் இருந்தது. மூன்று, என் கேலி மட்டம். இந்த மூன்றாவதை நான் விசாரிக்காமலே தள்ளுபடி செய்தேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டேன். பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர், நகல் எடுக்க வந்தவர், காகிதத்தை மேஜையில் அறைந்தார். "தோக்கிறதெல்லாம் பழகிப்போச்சும்மா. போன வருஷம் பதினோரு ஆட்டம் தோத்தோம், ஒருநாளும் சோறு எறங்காம இருந்ததில்ல. யாருகிட்ட தோத்தோம்? அதச் சொல்லு!"

"யாரிடம்" என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். புரிந்து போடவில்லை. புரியாத இடத்தில் அடிக்கோடு போடுவது என் வழக்கம்.

5

தோற்று இருபத்தெட்டு நாள் கழித்து சிலெக்வாவின் மகள் கடோங்கோ கடைக்கு வந்தாள். ஏதோ விண்ணப்பம், இருபது நகல்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"சமைக்கிறாரு ஆன்ட்டி."

"யாரு?"

"அப்பாதான். தெனம் மத்தியானம் நஷீமா கிண்டுறாரு. சோளமாவு பூரா கட்டி கட்டியா நிக்குது. ரெண்டு தட்டு வைக்கிறாரு. நான் போனா மூணு."

"அந்த ரெண்டாவது தட்டு யாருக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா பேக்கர்ஸ் ஆளு. உங்களுக்குத் தெரியாதா?"

"கசூபாவா!"

"பேக்கரிக்குப் பின்னாடித் தெருவுல பொறந்தவங்க. எங்க தெருவுல இத வெளிய சொல்ல முடியுமா? அதனால எல்லாம் சமையக்கட்டுக்குள்ளதான். கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் பந்தயம் போட்டாங்க. என்னிக்காவது பேக்கர்ஸ் ஷாஃப்ட் செவன ஜெயிச்சா, அப்பா ஒரு மாசம் நஷீமா கிண்டணும். அம்மா கால நீட்டி உக்காந்து குத்தம் சொல்லுவாங்க. ரெண்டும் மோதவே போறதில்லங்கற தைரியத்துல அப்பா ஒத்துக்கிட்டாரு. முப்பத்தியோரு வருசம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 'வரட்டும் சிலெக்வா, அந்த நாள் வரட்டும், உன்ன என்ன கேக்கறேன் பாரு.'"

இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு மேட்ச் முடிஞ்சு வந்தாரு. செருப்ப வெளிய விட்டுட்டு வாசப்படியிலயே நின்னாரு. உள்ள சமையக்கட்டப் பாத்து, 'தோத்தாச்சு, வந்து திட்டு'ன்னாரு. அப்புறம் அவரே உள்ள போயி மாவு டப்பாவ எடுத்தாரு."

"சாப்பிட நல்லாருக்கா?"

"சகிக்கல ஆன்ட்டி. நல்லாருக்குப்பான்னு சொல்றேன். சொல்லச் சொல்ல அவரு மொகம் இன்னும் வாடிப்போவுது."

இருபதுக்குப் பதில் அறுபது நகல் விழுந்திருந்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல், சந்தைக்கு எதிரில்.

சாவு வீட்டில் நான் அவள் குரலில் பேசியபோது, அது அவள் சொல்லி முடித்துவிட்டுப் போன பேச்சு. அதனால் சிரித்தார். இந்த முறை நான் பேசியது அவள் இன்னும் சொல்லாதது. முப்பத்தொரு வருஷம் சேர்த்து வைத்திருந்த ஒரே ஒரு ஏச்சு. அதை அவள் துணியைக் கட்டிக்கொண்டு, அவள் குரலில், ரொட்டிப் பெட்டியோடு தெருவில் நின்று நான் கத்தியிருக்கிறேன்.

தள்ளுபடி செய்த மூன்றாவது காரணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

6

இனி முடிவு வேண்டும்.

முதல் முடிவில், கோபப்பட்ட குற்றத்துக்கு சிலெக்வா கோழியோடு என் கடைக்கு வருகிறார். அடித்துவிட்டேன். குற்றம் அவருடையது இல்லை.

அடுத்ததில், மறு ஆட்டம் வைத்து ஷாஃப்ட் செவன் ஐந்து கோல் போடுகிறது. (பச்சைத் தொப்பிக்காரர் கேட்டு வாங்கியது. ஆறு கேட்டார்.) இதையும் அடித்துவிட்டேன். ஜெயித்தால் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாரா?

இன்னொன்றில், நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன். இங்கேதான் சிக்கல். எங்கள் முறையில் மன்னிப்பு கிடையாது. கேட்டால், இத்தனை நாள் சொன்னது கேலி இல்லை, நிஜ வசவு என்று ஆகிவிடும். அன்றோடு முறை அறுந்தது. அதன்பிறகு நான் அவருக்கு ம்புயா இல்லை, தெருவில் பார்த்தால் நலம் விசாரிக்கும் ஒரு பெண்பிள்ளை. கேட்காமல் இருந்தாலோ, கேட்

(வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன்.)

7

இன்று முப்பதாவது நாள். பந்தயத்தின் கடைசி நாள். நாளைக்கு அவர் கிண்ட மாட்டார், இரண்டாவது தட்டும் இருக்காது.

இந்தப் பத்தியை அவர் வீட்டு மதில்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். நீலச் சிதெங்கேயை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். கையில் கோழியும் இல்லை. நல்ல வெயில். உள்ளே பானையில் மரக்கரண்டி இடிக்கும் சத்தம். மாவு அடிப்பிடிக்கிற வாசனை தெருவரைக்கும் வருகிறது. கசூபா இருந்திருந்தால் இந்நேரம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வாய் வைத்து, "என்னய்யா இது, சுவர் பூசவா கிண்டின?" என்று அவரைக் கேட்க இந்த ஊரில் யாருக்கு உரிமை இருக்கிறது? மகளால் முடியாது, அவள் பொய் சொல்கிறாள். கேலி முறைக்காரிக்கு உண்டு, என் சொந்தக் குரலில். அல்லது அது இரண்டாவது திருட்டா? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கேட்டைத் தட்டிவிட்டேன்.

கரண்டிச் சத்தம் நின்றது. செருப்பு இழுபடும் ஓசை, கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது.

"யாரது?"

"செலிபா" என்று சொன்னால் கேட் திறக்கும், எனக்குத் தெரியும். நாற்காலி போடுவார், தண்ணீர் கொடுப்பார், என் அம்மாவின் நலம் விசாரிப்பார். இனி எப்போதும் அப்படித்தான். "எலித்தின்னி வந்திருக்கேன்" என்று சொன்னால் உள்ளே அந்தத் தட்டு கிடைக்கலாம். அல்லது இந்த கேட் இந்த ஜென்மத்துக்குத் திறக்காமல் போகலாம்.

இவ்வளவு தூரம் என்கூட நடந்து வந்துவிட்டீர்கள், இதை நீங்கள் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று.

"யாரதுன்னு கேக்கறேன்ல?"

சீக்கிரம். உள்ளே நஷீமா ஆறுகிறது.