குருசடிக்கு நேர் கிழக்கே

"ஏளா அமலி, இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போவாதே. போனா அடுத்த எலெக்‌ஷன்ல ஒனக்கு சீட்டு கிடையாது, சொல்லிட்டேன்."

கட்சிச் செயலாளர் செபாஸ்டின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கடற்கரை ஊரான தருவைகுளத்துக்காரர். போன வருஷம், எழுபத்தேழு தேர்தலில், அமலோற்பவத்துக்கு வீடு வீடாய் ஓட்டுக் கேட்டவரும் அவர்தான். அவள் கறுப்புக் கவுனை உதறிக் கையில் போட்டுக்கொண்டாள்.

"சீட்டு குடுத்தது நீரு. ஓட்டு போட்டது குருசடித் தெரு. வழிய விடும் அண்ணாச்சி."

"நம்ம கெவர்மென்ட்டுக்கு எதிரா நம்ம எம்.எல்.ஏ.வே வாதாடினா ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சுட்டுப் போகட்டும். வீட்ட இடிச்சா அழும்லா?"

சிலுவை நட்ட சின்னக் குருசடியைச் சுற்றி, குருசடித் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். இடித்துவிட்டுத் துறைமுகச் சரக்குக்குக் கிட்டங்கி கட்டப்போகிறார்களாம். அறுபத்துநாலில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு வந்து குந்திய ஆட்கள் என்று அரசாங்கம் எழுதியிருந்தது. இடிக்கக் கூடாதென்று அமலோற்பவம் வாங்கிய தடை இன்றோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் நாளைக் காலையில் கடப்பாரை வந்துவிடும். அதில் ஒரு வீட்டில்தான் அவள் பிறந்தாள். அங்கிருந்து காலேஜ் போன முதல் ஆள் அவள். சட்டம் படித்த முதல் ஆளும், சட்டசபைக்குள் நுழைந்த முதல் ஆளும் அவளே. மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிய கட்சிதான் இப்போது வாயை மூடச் சொல்கிறது.

அவளுக்குத் தன் ஜனத்தின் மேலும் கோபம் உண்டு. முன்பு சர்வேக்காரன் சங்கிலியோடு வந்து, "இந்த இடம் யாருக்கு?" என்று கேட்டபோது, தெருவே ஒரே குரலில், "மாதாவுக்கு உள்ளது" என்று பக்தியாய்ச் சொல்லியிருக்கிறது. மாதா பேரில் பட்டா கேட்க யாரும் வரவில்லை. அவன் புறம்போக்கு என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

கோர்ட்டில் முதல் சாட்சி சிலுவை. சங்கு குளிக்கிறவர். அமலோற்பவத்தின் அப்பா.

"உங்கள் பெயர்?" என்று கேட்டாள்.

"ஏளா, எம் பேரு ஒனக்குத் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. "வக்கீலம்மா என்று சொல்லும்," என்றார் நீதிபதி.

"சிலுவை, வக்கீலம்மா."

பிறந்தது முதல் அங்கேதான் இருப்பதாகச் சொன்னார். ரசீது இல்லை. வரி கட்டியதில்லை. அரசு வக்கீல் ஞானையா சிரித்துக்கொண்டே எழுந்தார். நாசரேத்துக்காரர், நல்ல பேச்சுக்காரர்.

"கரையில் நீர் இருக்கிற இடத்துக்கே உம்மிடம் அத்தாட்சி இல்லை. கடலுக்குள் சங்கு கிடக்கிற இடத்தை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பீர்? அங்கே போர்டு மாட்டியிருக்கிறதோ?"

"போர்டு எதுக்கு? குருசடி நேர் மேற்கே இருக்கணும். மாதா கோயில் கோபுரம் அதுக்கு எடக்கைப் பக்கம் ஒரு சாண் தள்ளி நிக்கணும். அங்கன குதிச்சா சங்குதான். அம்பத்தஞ்சுல முத்துக் குளிச்ச சலாபத்துக்கு முத்துச்சிப்பி கெடக்க எடத்த ஆபீசருக்குக் காட்டினதே நாந்தான். குருசடி, சுத்தி எங்க வீடுக, எல்லாத்தையும் அவரு பொஸ்தகத்துல எழுதிக்கிட்டாரே!"

அமலோற்பவம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதமாய்த் தாலுகா ஆபீஸ் தூசியைத் தின்றிருக்கிறாள். கரைக்கு உள்ள காகிதத்தைக் கரையிலேயே தேடியிருக்கிறாள். கடலைப் பற்றி எழுதிய காகிதத்தில் தன் தெரு இருக்கும் என்று தோன்றவேயில்லை. வீட்டில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. படித்த திமிர் என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மீன்துறை ஆபீசில் முத்துப்படுகை ரிஜிஸ்தர் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷத்து ரிஜிஸ்தரை வரவழைக்க வேண்டும்."

"ஆட்சேபிக்கிறேன்," என்றார் ஞானையா.

"கேள்வி நீங்கள் கேட்டது," என்றார் நீதிபதி.

மதியம் மூன்று மணிக்கு மீன்துறை குமாஸ்தா ரிஜிஸ்தரோடு வந்தார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாய்த் திருப்பினார். பிறகு சத்தமாய்ப் படித்தார். 'படகிலிருந்து நேர் மேற்கே குருசடி. அதைச் சுற்றி மீனவர் வீடுகள், சுமார் முப்பது. வழிகாட்டியவர் சிலுவை.'

சிலுவை கூண்டுக்கு வெளியே நின்று தலையாட்டினார். "அப்ப முப்பதுதான். பெறவு பிள்ளைக கலியாணம் கட்டிச்சுல்லா?"

இந்தத் தடவை ஞானையாவும் சிரித்துவிட்டார். துறைமுக வேலைக்கு முன்பே இந்தத் தெரு இருந்திருக்கிறது, தீர்ப்பு வரும்வரை ஒரு ஓலையைக்கூடத் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று.

வாசலில் தெருப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ரிஜிஸ்தரின் அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு மனுப் போட்டுவிட்டாள். ராத்திரி மெட்ராஸ் ரயில். நகல் கையில் வந்ததும், பட்டா எப்போது என்று சட்டசபையில் மந்திரியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சீட்டு போனால் போகட்டும். இன்னும் நாலு வருஷம் கிடக்கிறது, நாலு வருஷத்தில் எத்தனை கேள்வி கேட்கலாம்!

வேப்பமரத்தடியில் செபாஸ்டின் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு சண்டைக்குத் தயாராகத்தான் அவள் போனாள்.

"என்ன அண்ணாச்சி, கட்சியவிட்டு நீக்கியாச்சா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏளா... அந்த ரிஜிஸ்தர்ல தருவைகுளம் இருக்குமா? எங்க தெருவுலயும் சர்வேக்காரங்கிட்ட அந்தோணியாருக்கு உள்ளதுன்னுதான் சொல்லித் தொலைச்சிருக்கோம்."

அமலோற்பவம் பையைத் திறந்து ஒரு வக்காலத்துத் தாளை எடுத்தாள்.

"பேனா இருக்கா? இங்கன கையெழுத்துப் போடும்."