தெரெரேக்குத் தடை

காவலர் வால்டெசிரின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக முடிவு வந்த அன்றே, சிறைக் கண்காணிப்பாளர் ஒட்டாசிலியோ அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். காவலர்கள் கூடி உட்கார்ந்து தெரெரே குடிக்கத் தடை.

நான் இந்தச் சிறையின் நர்ஸ். ஒரே குவளையில், ஒரே குழலில், கைமாற்றிக் கைமாற்றி அந்தக் குளிர்ந்த இலைச்சாற்றை உறிஞ்சுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் காசநோய் குவளையில் ஏறி வருவதில்லை. இருமுகிறவனின் மூச்சில் வருகிறது. நூறு பேருக்குக் கட்டிய பிரிவில் முந்நூறு கைதிகள் கிடக்கிறார்கள். வெளியிலிருந்து கைபேசி எறிகிறார்கள் என்று நடைவழி ஜன்னல்களையெல்லாம் இரும்புத் தகட்டால் அடைத்ததும் இதே ஒட்டாசிலியோதான். அந்த நடைவழியில் தினம் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் வால்டெசிர். முகக்கவசம் கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

ஒட்டாசிலியோ நோய் அறிக்கையை என் முன் தள்ளினார். 'தொற்றிய விதம்' என்ற இடம் மட்டும் காலி.

"தெரெரேன்னு எழுதும்மா. அவனோட சொந்தப் பழக்கம். சோலி முடிஞ்சுது."

"அப்படி எழுதினா இது வேலையில வந்த நோய் இல்லன்னு ஆயிடும். மத்த நாப்பது காவலருக்குச் சோதனையும் கிடையாது. அதுக்குத்தானே சார்?"

"கரும்பு வெட்டுறவன் பொண்ணு நாலு எழுத்து படிச்சா இப்படித்தான் வாய் நீளும்."

"அந்த நாலு எழுத்துல காத்தப் பத்தியும் இருந்துச்சு சார்."

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்து மாமரத்தடியில், மாத்திரைக்காக வந்த வால்டெசிர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எம்மேலயே எழுதிடு மகளே. என் குவளையால வந்துச்சுன்னு பசங்க அதைக் குப்பையில போட்டுட்டானுங்க. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறானுங்க."

"எங்க உக்காந்து குடிப்பீங்க?"

"இங்கதான். இடைவேளை அரை மணி நேரமும்."

"இப்ப அந்த அரை மணி நேரம் எங்க இருக்காங்க?"

அவர் வெற்று பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு அடைத்த ஜன்னல்களைப் பார்த்தார்.

"உள்ள. நடைவழியில. அட நாசமாப் போறவனே. நல்ல காத்து கிடைச்ச ஒரே எடத்தையும் புடுங்கிட்டானா?"

அவருடைய முழங்காலில் தாளை வைத்தே எழுதினேன்: 'பணியிடம். ஜன்னல் அடைத்த நடைவழி.' என் பதிவு எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒட்டாசிலியோவின் மேசைக்குத் திருப்பி அனுப்பாமல், நானே நகரச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன்.

திரும்பி வந்து பலகையிலிருந்த தடைத் தாளைக் கிழித்தெடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சோதிக்க வேண்டியவர்களின் பெயர்களை அதில் எழுத ஆரம்பித்தேன். முதல் பெயர் என்னுடையது. நானும் அந்த நடைவழியில்தான் தினமும் நடக்கிறேன்.