மேஸ்திரியின் காதில் விழாத சொல்

பிளாஸ்கை வைக்க இடம் தேடியபோதுதான் மேஸ்திரி கவனித்தார், கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே நர்ஸ் அவர் மனைவியின் கையிலிருந்து ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரியவேண்டும் என்றும் இல்லை.

டீ வாங்கப் போய்க் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது.

முப்பத்தொரு வருஷம் தகடு அடிக்கிற பிரஸ்ஸில் நின்றவர். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். கம்பெனி கொடுத்த காதடைப்பான்களைப் பிரிக்காமலே லாக்கரில் போட்டுவைப்பார். சத்தத்தை வைத்தே மிஷினின் நோயைச் சொல்லுகிறவன் காதை அடைத்துக்கொள்ளலாமா என்பது அவர் கட்சி. சாயங்காலம் வீடு திரும்பினால் காதுக்குள் வண்டு குடைவதுபோல ரீங்காரம். மனைவிதான் பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துப்போனாள். போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மேஸ்திரி தலையாட்டிவிட்டு மறுநாளும் வெறும் காதோடு போய் நின்றார்.

அதன்பிறகு அவள் குரலை உயர்த்திக்கொண்டாள். உப்பு போதுமா என்று கேட்பதே சண்டை மாதிரி இருக்கும்; பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சமாதானம் பேசவே வந்துவிட்டார். மகள் வாங்கித் தந்த காது மிஷின் பாத்திரச் சத்தத்தை ஒன்றுக்குப் பத்தாக்கியது; ஒரே வாரத்தில் கழற்றி வைத்தார். இவள் இருக்கிறாளே என்ற தைரியம். இந்த மூன்று மாதத்தில் நோய் முதலில் பறித்துக்கொண்டது அவள் குரலைத்தான்; மிஞ்சியது வெறும் கிசுகிசுப்பு. உதடு அசைந்தால் இவர் தலையாட்டுவார். எல்லாம் குத்துமதிப்புதான்.

இன்று காலையும் அவள் ஏதோ சொன்னாள். டீ கேட்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, பிளாஸ்கோடு கிளம்பினார்.

பக்கத்துக் கட்டிலில், கால் முறிந்து கிடந்த தையற்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளருகே போய்க் குனிந்தார்.

"நான் கிளம்புறப்போ இவ என்னம்மா சொன்னா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நகரவில்லை. பிறகு மெல்ல வாயசைத்தாள். அவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

"சத்தமா சொல்லும்மா."

வார்டு முழுக்கக் கேட்கும்படிதான் அவள் சொல்லவேண்டியிருந்தது.

"போகாதீங்க, பக்கத்துலயே இருங்கன்னாங்க. நீங்களும் சரின்னு தலையாட்டினீங்க."

மற்றக் கட்டில்களில் இருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

மகள் வேலையிடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தாள். அழுது ஓய்ந்தபின் அவர் முகத்துக்கு நேரே நின்று, அம்மா கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். உதட்டசைவிலேயே புரிந்தது.

"எனக்குக் கேக்கலம்மா" என்றார்.

அது பொய்யில்லை.

வெள்ளைத் துணியோடு இரண்டு பணியாளர்கள் வந்தார்கள். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்கள். மகள் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினாள். அவருக்குப் புரியாமலில்லை. மேஸ்திரி ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.